பெயனீரா, பெயல் நீரா?

அகவலடி:
இந்த மாதம் வந்த ஒரு சிற்றிதழில், மறந்துபோன இலக்கியத்தை இன்றைய வாசகருக்குக் கொண்டுவருகிறோம் என்று புதுத் தொடர் ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல காரியம் என்றுதான் புரட்டினேன். முதல் பாட்டு குறுந்தொகை 40. நான்காம் அடியை "செம்புலப் பெயல் நீர் போல" என்று போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு குறிப்பு: சொற்களைப் பிரித்துப் போட்டாலே பழைய பாட்டு எல்லோருக்கும் புரிந்துவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது நேரிசை ஆசிரியப்பா என்ற பாவகை. அதில் ஈற்றயலடியில், அதாவது கடைசிக்கு முந்தைய அடியில், மூன்று சீர்தான், ஓசையில் மூன்று துண்டுதான். செம்புலப் / பெயனீர் / போல. செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல என்று பொருள். இவர்கள் அச்சிட்டதை எண்ணிப் பாருங்கள், நான்கு! இதற்குப் பெயர் மீட்பா?

வாசகி77:
அந்த இதழை நானும் என் மகளும் சேர்ந்து படித்தோம். வீட்டில் இருக்கும் பழைய பதிப்பில் கடைசி அடி "அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே". "தாங்கல்னா ஏரிதானே, அது எங்கே இங்கே வந்தது?" என்று கேட்டவள் அவள். இதழில் "தாம் கலந்தனவே" என்று பார்த்ததும், "ரெண்டு நெஞ்சும் கலந்துடுச்சா!" என்றாள். நான் ஒரு வார்த்தை விளக்கவில்லை. உங்கள் மூன்று சீர் இதைச் செய்யவில்லை ஐயா.

அகவலடி:
வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால் ஏரி வந்திருக்காது அம்மா. மூன்று அடி நான்கு நான்கு சீராக நடந்து வந்த பாட்டு, நான்காம் அடியில் ஒரு சீர் குறைந்து நிற்கிறது. அப்புறம்தான் கடைசி அடியில் இறங்குகிறது. செம்மண்ணில் விழுந்த மழை ஊறுகிற நேரம் அந்த நிறுத்தத்தில் இருக்கிறது. அதை நிரவி நான்காக்கிவிட்டுப் புரிந்தது என்றால் என்ன புரிந்தது? மூன்றா நான்கா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:
ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடப் பெரும்பாலும் இருக்காது. சீர் பிரித்து அச்சடித்ததும் பதிப்பாசிரியர் கை வேலைதான். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து, அதாவது சேர்ந்து நிற்கும் சொற்களைத் தனித்தனியாக்கித்தான் வெளியிட்டார். அந்தப் பணியில் பதிப்பாசிரியர் வையாபுரிப்பிள்ளையும் இருந்தார். அவருக்கும் யாப்பு தெரியாது என்பீர்களோ?

அகவலடி:
வையாபுரிப்பிள்ளை பெரியவர்தான். அதற்காக மூன்று நான்காகிவிடாது. உ.வே.சா. குறுந்தொகையை முதன்முதலில் அச்சேற்றியபோது பட்ட பாடு தெரிந்தவர்கள் இப்படி வெட்டிப் போட மாட்டார்கள்.

பழஞ்சுவடி:
முதன்முதலிலா? சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் பதிப்பித்துவிட்டார். உ.வே.சா. பதிப்பு 1937. இடையில் 22 ஆண்டு. மறந்ததை மீட்பது பற்றிப் பாடம் எடுக்கிறவர் அரங்கனாரை மறந்துவிட்டார்.

அகவலடி:
ஐயர் பதிப்பின் உழைப்பைச் சொல்ல வந்தேன், ஒரு சொல் கூடிவிட்டது. உடனே பிடித்துக்கொண்டீர்கள். போன வருடமும் இதே கதைதான். தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் ஐயரின் சிந்தாமணியும் 1887லேயே வந்தவை என்று அன்றைக்கே சொன்னேன். யார் முந்தி என்று ஒரு வாரம் இழுத்தது நீங்கள்.

பழஞ்சுவடி:
இழுத்தது நானா? பழைய பதிவுகள் இங்கேயேதான் கிடக்கின்றன, போய்ப் பாருங்கள்.

மெய்ப்பு:
ஒரு சந்தேகம். குறுந்தொகை எப்போது மறந்துபோனது? ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898இல் வந்தது. இன்றைக்கு எத்தனை பேர் எடுத்துப் படிக்கிறார்கள்? இதழில் பிறந்த நாவலை மறுபடி இதழிலேயே தொடராகக் கொடுக்கலாமே. எதை மறந்தது என்கிறோம் என்று முதலில் பேசிவிட்டால் நல்லது.

அகவலடி:
அதை அப்புறம் பேசலாம். முதலில் சீர்.

வாசகி77:
சரி, சீரே பேசுவோம். நானும் முறையாகத் தமிழ் படித்தவள்தான், எண்ணத் தெரியாதவள் இல்லை. பெயனீர் ஒரு சீர்; அதில் 'பெய' நிரை, 'னீர்' நேர் என்று இரண்டு அசை, இந்த அமைப்புக்குப் பெயர் புளிமா. பெயல் நீர் என்று பிரித்தாலும் பெயல் நிரை, நீர் நேர். அசை மாறவே இல்லை. காதில் விழுவது அதே மூன்று சீர். உங்களுக்கு உறுத்துவது நடுவில் இருக்கும் வெள்ளை இடம் மட்டும்தான். வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் முதலில் சீர் எண்ணு என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

அகவலடி:
நான் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. காது மூன்று என்கிறது, கண் நான்கு என்கிறது. புதிதாக வருகிற வாசகருக்குக் கண்தானே முதலில்? இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் புலவரின் சொந்தப் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தொடரை வைத்துத்தான் செம்புலப் பெயனீரார் என்கிறோம். அவருக்குப் பெயராகவே நின்ற சொல்லை நடுவில் வெட்டுகிறீர்கள்.

பழஞ்சுவடி:
அந்தப் பெயரையே பெயல்நீரார் என்றும் எழுதுகிறார்களே!

அகவலடி:
சேர்த்துத்தானே எழுதுகிறார்கள்? இடைவெளி விட்டா எழுதுகிறார்கள்?

மெய்ப்பு:
பத்மாவதி சரித்திரம் பற்றி யாராவது ஏதாவது சொல்லுங்களேன்.

அகவலடி:
இதழாசிரியருக்கு இப்போதுதான் கடிதம் எழுதி அனுப்பினேன். அடுத்த மாதம் புறநானூறு போடுகிறார்களாம். வரட்டும், ஒவ்வோர் அடியாக எண்ணுகிறேன்.

வாசகி77:
எண்ணுங்கள். அதற்குள் என் மகள் இன்னும் மூன்று பாட்டு மனப்பாடம் செய்திருப்பாள்.

அகவலடி:
எந்தப் பதிப்பில் இருந்து?