கொல்லிமலைத் தோட்டத்துக்குப் புது தார் ராக்ஸா, பழைய எக்ஸ்1-ஆ?

மிளகுத்தோட்டம்:
வணக்கம். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான், அதனால் இங்கே கேட்கிறேன். நாங்கள் இருப்பது கோயம்புத்தூரில். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி அப்பாவுக்கு மூன்றரை ஏக்கர் மிளகும் காப்பியும் இருக்கிறது, மாதம் இரண்டு தடவை போய்வருகிறோம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெரும்பகுதி நல்ல ரோடு, அப்புறம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, கடைசியில் 3 கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழையில் எங்கள் பழைய கார் அந்த மண் பாதையின் கடைசிவரை போகாது, மீதியை நடந்தோ ஊர்க்காரர் ஜீப்பிலோ கடப்போம். கையில் 27, 28 லட்சம் இருக்கிறது. எனக்கு மனசெல்லாம் மஹிந்திரா தார் ராக்ஸ் டீசல் ஃபோர்-பை-ஃபோர் (நான்கு சக்கர இழுவை) மேல். அதே பணத்துக்குத் தெரிந்தவர் ஒருவர் 2021 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்1 டீசல் தருகிறார், 40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. மனைவி அதன் பக்கம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. எது சரி?

ஏணிச்சட்டம்:
மண் பாதை இருக்கிறது, மழை இருக்கிறது, மலைத் தோட்டம் இருக்கிறது, அப்புறமும் எதற்கு யோசனை நண்பரே? தார் ராக்ஸ் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கிப் போகலாம் என்று கம்பெனியே சொல்கிறது. முன்பக்க அணுகு கோணம் 41.7 டிகிரி, அதாவது மேடு எதிரே வந்தால் பம்பர் இடிப்பதற்கு முன்னால் சக்கரம் ஏறிவிடும். லோ ரேஞ்ச் என்ற மெதுவோட்டக் கியரைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் இரண்டரை மடங்கு ஆகும், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து ஏறும். நீங்கள் சொல்லும் எக்ஸ்1-க்குத் தரை இடைவெளி 183 மில்லிமீட்டர்தான், 2020 மார்ச்சில் வந்த அந்த மாடலில் இந்தியாவில் விற்றதெல்லாம் முன்சக்கர இழுவை. பெயரில் எஸ்யூவி என்று இருப்பதால் அது காட்டு வண்டி ஆகிவிடாது, உயரமாகக் கட்டிய கார் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் மண் பாதையில் அது முதல் மழைக்கே நிற்கும்.

நான்குவழி:
ஏணிச்சட்டம் 3 கிலோமீட்டரைப் பற்றி மட்டும் பேசுகிறார். மீதி 197 கிலோமீட்டரை யார் ஓட்டுவது? மாதம் இரண்டு தடவை போய்வந்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 9,600 கிலோமீட்டர், அதில் மண் பாதை 150-ஐக்கூடத் தொடாது. அவினாசி, பெருந்துறை, சங்ககிரி என்று மூன்றரை மணி நேரம் முழங்கால் வலியுள்ள அம்மாவை உட்கார வைத்துக் கூட்டிப் போகிறீர்கள், அங்கேதான் எந்த வண்டி என்ற கேள்வியே. ஏணி மாதிரியான சட்டத்தின் மேல் தனி உடலை வைத்துப் பூட்டிய வண்டி ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும் ஒரு குலுக்குக் குலுக்கும், வளைவில் சாயும். எக்ஸ்1 உடலும் சட்டமும் ஒன்றாக வார்த்த மாதிரிக் கட்டியது, தாழ்வாக உட்காரும், 70 வளைவிலும் அம்மாவின் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாது. 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், 505 லிட்டர் டிக்கி, இரண்டு மூட்டை மிளகு தாராளமாகப் போகும். என் நண்பரின் ஏணிச்சட்ட வண்டியில் ஒரு தடவை ஏற்காடு போனபோது பின்சீட்டில் இருந்த என் அம்மா 20 வளைவு முடிவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். நான் அதை மறக்கவே மாட்டேன்.

ஏணிச்சட்டம்:
அது எந்தத் தலைமுறை வண்டி என்று சொல்லுங்கள். பின்னால் இலைப் பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய ஜீப்பையும் 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த ராக்ஸையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ராக்ஸில் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்க வாட்ஸ் இணைப்பு, சக்கர இடைவெளி 2,850 மில்லிமீட்டர். குலுங்காது என்று நான் சொல்லவில்லை, கார் அளவுக்கு மென்மை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பைப் பாருங்கள், பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம், பெரியவர்களுக்கு 32-க்கு 31.09, குழந்தைகளுக்கு 49-க்கு 45. ஏணிச்சட்டம் என்றாலே மோதலில் ஆபத்து என்ற பழைய பேச்சு இனிமேல் செல்லாது.

நான்குவழி:
அந்த எக்ஸ்1-ம் 2015-இல் யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியதுதான்.

ஏணிச்சட்டம்:
2015-இன் சோதனை 2015-இன் விதிப்படி நடந்தது. ஐந்து, ஆறு வயதான வண்டியின் ரப்பர் புஷ்களுக்கும் சென்சார்களுக்கும் யார் நட்சத்திரம் கொடுப்பது? நானும் ஒரு ஜெர்மன் சொகுசு கார் வைத்திருந்தவன், கம்பெனி பெயர் வேண்டாம். உத்தரவாதம் முடிந்து எட்டாவது மாதம் கியர் பெட்டியின் மின்னணுப் பகுதி போய்விட்டது, பில் இரண்டரை லட்சம், உதிரி பாகம் வர 19 நாள். அந்த 19 நாளும் வாடகைக் காரில் வேலைக்குப் போனேன். பழைய சொகுசு காரில் வாங்கும் விலை மட்டும்தான் இறங்குகிறது, பராமரிப்புச் செலவு 45 லட்ச ரூபாய் வண்டியின் செலவாகவே நிற்கிறது. இதை வாங்குவதற்கு முன்னால் யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான்குவழி:
அது நியாயமான பேச்சு, அதற்காகத் தனியாக ஒன்றரை, இரண்டு லட்சம் ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும். ஆனால் புது வண்டிக் கணக்கையும் முழுசாகப் போடுங்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்குச் சாலை வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு ஆயுள் வரியை முதல் உரிமையாளர் கட்டி முடித்துவிட்டார். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த வரி 40 சதவீதமாக இறங்கியதில் ராக்ஸ் கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனாலும் மேல் வகை டீசல் ஃபோர்-பை-ஃபோர் ரோட்டுக்கு வரும்போது இவர் சொன்ன பணம் முழுக்கக் கரைந்துவிடும்.

பட்டறை_சேலம்:
தம்பிகளா, இரண்டு பேரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள், நான் 22 வருடமாக இந்த வேலையில் இருக்கிறவன், கொல்லிமலை ஜீப்புகள் நிறைய என் பட்டறைக்கு வரும். மிளகுத்தோட்டம் தம்பி ஒரு விஷயத்தைச் சொல்லவே இல்லை. அந்த 3 கிலோமீட்டர் ஏற்றமா, இறக்கமா? முன்சக்கர இழுவை வண்டி சமமான சேற்றில் ஓரளவு சமாளிக்கும். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்னால் சாய்ந்துவிடும், முன்சக்கரத்துக்குப் பிடி குறையும், இழுக்கிற சக்கரமே முன்சக்கரம் என்பதால் அது நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி தோண்டும். ஆள் சரியாக ஓட்டினாலும் இதுதான் நடக்கும். அப்புறம் டயர். ராக்ஸ் வாங்கினாலும் ரோட்டுக்கான டயரோடு செம்மண் ஏற்றத்தில் போனால் பள்ளமெல்லாம் மண் அப்பி டயர் வழவழவென்று ஆகிவிடும், நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். ஃபோர்-பை-ஃபோர் இருந்தும் மாட்டிக்கொண்ட வண்டிகளை எத்தனையோ தடவை கயிறு போட்டு இழுத்திருக்கிறேன். எல்லாத் தரைக்குமான டயர் மாற்ற ஒரு தொகையைச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மிளகுத்தோட்டம்:
அண்ணே, முதல் இரண்டரை கிலோமீட்டர் ஏறக்குறைய சமம், கல் பாவியது, எங்கள் பழைய கார்கூட மெதுவாகப் போகும். ஓடையைத் தாண்டியதும் ஒரு ஏற்றம், செம்மண், சுமார் 250 மீட்டர். எப்போதும் நிற்பது அங்கேதான். ஓடையில் மழைக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும், நாலைந்து நாள் மட்டும் அதைவிட ஏறும்.

பட்டறை_சேலம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. 250 மீட்டர்தான் என்றால் இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கான்கிரீட் போடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், நடுவில் மண் அப்படியே கிடக்கட்டும். மேல்பக்கம் குறுக்கு வரி போடச் சொல்லுங்கள், வழவழப்பாகப் பூசினால் பாசி பிடித்துவிடும். மலையில் தோட்டக்காரர்கள் பல பேர் செய்வதுதான் இது. பாதை உங்கள் பட்டாவில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். புறம்போக்கோ வன நிலமோ என்றால் கை வைக்காதீர்கள்.

நான்குவழி:
அதுதான் நானும் சொல்ல வந்தது. அந்த ஏற்றத்தைச் சரி செய்துவிட்டால் ஃபோர்-பை-ஃபோருக்கு வேலையே இல்லை.

ஏணிச்சட்டம்:
ஓடையை விட்டுவிட்டீர்கள். முழங்கால் உயரம் என்றால் 450, 500 மில்லிமீட்டர் வரும். எக்ஸ்1 அதில் இறங்கினால் காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து எஞ்சினே பூட்டிக்கொள்ளும். எஞ்சினுக்கென்று தனிக் காப்பீட்டுப் பிரிவு எடுக்காதவருக்கு அதில் பணம் வருவது கஷ்டம். புயல் எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறார்களே, எதற்கு? ஓடைக்கு யாரும் கான்கிரீட் போட முடியாது. இன்னொன்று, அம்மாவோ அப்பாவோ தோட்டத்தில் இருக்கும்போது ராத்திரி உடம்புக்கு ஏதாவது என்றால் தண்ணீர் வடியும்வரை காத்திருப்பீர்களா? எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

கோத்தகிரி_மழை:
அண்ணா, நான் இரண்டு வகை வண்டியும் ஓட்டியிருக்கிறேன், வீட்டில் மாமியாருக்கும் முழங்கால் வலிதான். எல்லோரும் ஓடும்போது குலுங்குவதையே பேசுகிறீர்கள், ஏறி இறங்குவதை யாருமே பேசவில்லை. 200 கிலோமீட்டரில் டீக்கு, கழிப்பறைக்கு, சாப்பாட்டுக்கு என்று நான்கு தடவையாவது நிற்பீர்கள், போய்வர எட்டுத் தடவை அம்மா ஏறி இறங்க வேண்டும். உயரமான வண்டியில் இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும், கால் தரையைத் தேடும், உடம்பு பாரம் முழுக்க ஒரு முழங்காலில் விழும். ஓரத்தில் படிக்கட்டுப் பலகை போட்டால் பாதி சரியாகிறது, ஆனால் குறுகலான பலகையில் மழை நாளில் செருப்பு வழுக்கும். எக்ஸ்1-இன் சீட் அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு வரும், திரும்பி உட்கார்ந்தாலே போதும். ஆனால் ஏணிச்சட்டம் சொன்ன ராத்திரி விஷயமும் சரிதான். போன வருட மழையில் எங்கள் எஸ்டேட் பாதையில் மரம் விழுந்தபோது அதைச் சுற்றி மேட்டில் ஏறிப் போன ஒரே வண்டி பக்கத்துத் தோட்டத்துப் பழைய தார்தான். அதில்தான் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்றைக்கு முழங்கால் வலி பெரிதாகத் தெரியவில்லை.

நான்குவழி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் தினசரி வாழ்க்கையை அவசர நாளை வைத்து மட்டும் முடிவு செய்ய எனக்கு மனசு ஒப்பவில்லை. சரி, ஒன்று மட்டும் செய்யுங்கள், ராக்ஸ் எடுப்பதாக இருந்தால் அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள், பின்சீட்டை அப்பாவுக்குக் கொடுங்கள்.

ஏணிச்சட்டம்:
அதை நானும் சொல்கிறேன். இன்னொரு விஷயமும் சொல்லத் தோன்றுகிறது. எக்ஸ்1-ஐப் பூட்டும் பிஎம்டபிள்யூ ஆலை செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது, மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும் அதே வளாகத்தில்தான். இரண்டு வண்டிக்குமே நம் ஊரோடு தொடர்பு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்.

மிளகுத்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஓடை விஷயம் வந்ததும் அப்பா, "போன கார்த்திகையில் மூன்று நாள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேனே" என்றார். இதை எங்களிடம் அவர் இதுவரை சொன்னதே இல்லை. மனைவி அதற்கு மேல் எக்ஸ்1 பேச்சை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராக்ஸ் ஓட்டிப் பார்க்கப் போகிறோம், எட்டுத் தடவை ஏறி இறங்கச் சொல்லப் போகிறேன். ஏற்றத்துக்கு எப்படியும் கான்கிரீட் போடுகிறோம், அந்த இடம் எங்கள் பட்டாவில்தான் வருகிறது.

கோத்தகிரி_மழை:
ஷோரூமில் படிக்கட்டுப் பலகை மாட்டிய வண்டியையே கேளுங்கள் அண்ணா, மாட்டாததைக் காட்டிவிட்டு அப்புறம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். அம்மா தோட்டத்துக்குப் போடும் செருப்போடு வரட்டும்.