மாங்கொட்டைப் பருப்புச் சாறு: டோஸ் ஏற்றினால் புற்றுச் செல் கூடுதே, ஏன்?

போச்சம்பள்ளி மாணவி:
எம்.எஸ்சி. புராஜெக்ட். காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலைக் குவியலில் இருந்து பெங்களூரா கொட்டை. பருப்பை வெயிலில் காயவைத்து, 70% எத்தனாலில் ஊறவைத்த சாறு. எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுச் செல்), 48 மணி நேரம், எம்டிடி (உயிருள்ள செல் ஊதாவாக்கும் சாயம்; ஊதா எவ்வளவோ அவ்வளவு செல் உயிரோடுன்னு கணக்கு). 25 மைக்ரோகிராமில் 70% செல் உயிரோடு, 50-ல் 52%. ஆனா 100-ல் 81%, 200-ல் 115%! சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ 0.2%தான். மூணு தடவையும் இப்படியே. எங்கே தப்பு?

பர்கூர் செல்கல்ச்சர்:
செல் கூடலம்மா, நிறம்தான் கூடியிருக்கு. மாம்பருப்பில் டானின் (துவர்ப்புப் பொருள்) அதிகம். செல்லே இல்லாமல் அது எம்டிடியை ஊதாவாக்கிடும். செல் போடாத வெல்லில் (தட்டின் குழியில்) மீடியம் (செல் வளர்க்கும் திரவம்), சாறு, எம்டிடி மட்டும் வைத்துப் பாருங்க.

ஊதா வந்தால், சாறு கலந்த மீடியத்தை உறிஞ்சிட்டு, 37 டிகிரி பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசல்) இரண்டு தடவை கழுவி, புது மீடியம் 100 மைக்ரோலிட்டர், 5 மிகி/மிலி எம்டிடி 10 மைக்ரோலிட்டர். பிப்பெட் முனை வெல் சுவரில் சாயணும். அடியில் பீய்ச்சினால் செல் பெயர்ந்து வந்துடும், அதுவும் செத்த கணக்கில் சேரும். கழுவினாலும் டானின் கொஞ்சம் ஒட்டியே நிற்கும். கிரிஸ்டல் வயலட்டும் (ஒட்டியிருக்கும் செல்லில் ஏறும் சாயம்) ஒரு தட்டு போட்டு ஒப்பிடுங்க.

அரூர் வேதியியல்:
50-ல் வந்த 52%-ஐயும் நம்பிடாதீங்க. மாம்பருப்பில் இருக்கிற காலிக் அமில வகைகள் டிஎம்இஎம் மீடியத்திலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு விடும். செல்லைக் கொல்றது அதுவாகக்கூட இருக்கலாம். 100 யூனிட்/மிலி கேட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கும் என்ஸைம்) சேர்த்த வரிசை ஒண்ணு போடுங்க. சாவு நின்னுட்டா மாம்பருப்புக்குப் பெருமை இல்லை.

ஆலைக் குவியல் கொட்டையும் ஆகாது. ஈரத்தோட கிடந்தா பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சும் செல்லைக் கொல்லும். அன்னன்னைக்கு வந்ததை உடைத்து, மெல்லிசாச் சீவி, 40 டிகிரி ஓவனில் காயவைங்க. அரைச்சதும் முதலில் ஹெக்ஸேனில் கொழுப்பை எடுங்க. பருப்பில் பத்தில் ஒரு பங்கு அதுதான். விட்டா மீடியம் கலங்கி ரீடிங் ஏறும்.

சாதாரணச் செல்லும் கூடவே வைங்க. புற்றுச் செல்லோட அதுவும் சேர்ந்து செத்தா அது வெறும் நஞ்சு. தீசிஸில் 'புற்றுநோய் மருந்து'ன்னு எழுதிடாதீங்க, அந்த வரியை வெச்சே பொடி வித்துடுவாங்க. மஞ்சளில் இருக்கிற குர்குமினைப் பாருங்க: தட்டில் 10–50 மைக்ரோமோலார் போடுறாங்க. 2001-ல் வந்த மனித ஆய்வில் தினம் 8 கிராம் விழுங்கியும் ரத்தத்தில் சராசரி உச்சம் 2 மைக்ரோமோலாருக்குக் கீழேதான்; தட்டில் போட்ட அளவை எட்டலை.

போச்சம்பள்ளி மாணவி:
செல் இல்லாத வெல் போட்டேன் அண்ணா. 200-ல் ஒரு மணி நேரத்துக்குள்ளயே ஊதா! கேட்டலேஸ் மாட்டு ஈரல்ல எடுத்தது இருக்கு, போதுமா?

அரூர் வேதியியல்:
போதும். அதையே கொதிக்க வெச்சு ஆறவிட்டதும் ஒரு வரிசை போடுங்க. கொதிச்சா என்ஸைம் வேலை போயிடும், புரதம் மட்டும் நிற்கும்; டானின் எந்தப் புரதத்தையும் பிடிச்சுக்கும். கொதிச்ச கேட்டலேஸிலும் செல் பிழைச்சா, காரணம் பெராக்சைடுன்னு சொல்ல முடியாது.