ஐபி முகவரி விண்ணப்பம்: "இப்போதைய பயன்பாடு, ஓராண்டுத் திட்டம்" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

புதுவலை:
வணக்கம். சின்ன இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இணையம் தரும் பெரிய நிறுவனம்) கொடுத்த ஒரே ஒரு /24-ஐ, அதாவது 256 முகவரிகளை, வைத்து ஓட்டிவிட்டோம். இப்போது இரண்டாவது அப்ஸ்ட்ரீமும் வருகிறது, அதனால் சொந்தமாக ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் எங்கள் நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) ஒரு /23-உம் (512 முகவரிகள்; கோட்டுக்குப் பின்னுள்ள எண் ஒன்று கூடினால் அளவு பாதியாகும்) கேட்டு, முகவரிகளை ஒதுக்கும் பதிவகத்துக்கு விண்ணப்பித்தோம். எத்தனை வாடிக்கையாளர்கள், அடுத்து எங்கெல்லாம் விரிவாக்கப் போகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கு நன்றாகவே எழுதியிருந்தேன். வந்த பதில் மூன்றே வரி: தற்போதைய பயன்பாட்டைச் சப்நெட் (முகவரித் தொகுதியின் ஒரு பகுதி) வாரியாகக் காட்டவும், ஓராண்டுத் திட்டத்தையும் அப்படியே காட்டவும், கருவிப் பட்டியலை இணைக்கவும்.

வீட்டு இணைப்புகள் சுமார் 1,900, எல்லாமே சிஜிநாட் (பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) வழியாகப் போகின்றன. நிறுவன வாடிக்கையாளர்கள் 13 பேருக்குத் தலா ஒரு /29 (8 முகவரிகள்). மீதி எங்கள் சர்வர், ரவுட்டர், லிங்க்குகள். உள்ளே ஓடும் தனியார் முகவரிகளையும் காட்ட வேண்டுமா? வளர்ச்சிக் கணக்கை எதை வைத்து நம்புவார்கள்?

சப்நெட்சாமி:
அந்த இரண்டு பக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள், மனதில் வைக்காதீர்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு வேண்டியது ஒரு அட்டவணை: சப்நெட், அதன் அளவு, எதற்கு, இன்று எத்தனை முகவரி பயனில், ஓராண்டில் எத்தனை. அவர் கூட்டிப் பார்ப்பார், கூட்டல் சரியாக வந்தால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

உங்கள் /24-ஐ வைத்தே ஒரு மாதிரி போடுகிறேன். 192.0.2.0/24 என்று எழுதுகிறேன், அது எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த தொகுதி. நீங்கள் சொல்லாத எண்களை நானே ஊகித்துப் போட்டிருக்கிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

192.0.2.0/26 – சர்வர்கள், 64-இல் 41 (நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே சேர்த்து)
192.0.2.64/27 – சிஜிநாட் பூல், 32-இல் 32
192.0.2.96/28 – ரவுட்டர் லூப்பேக் (ஒவ்வொரு ரவுட்டரின் நிலையான சொந்த முகவரி), 16-இல் 11
192.0.2.112/28 – பாயிண்ட் டு பாயிண்ட் லிங்க் (இரு கருவிகளை நேராக இணைப்பவை), ஒவ்வொன்றும் /31 (2 முகவரி), 16-இல் 12
192.0.2.128/25 – நிறுவன வாடிக்கையாளர்கள், 13 /29-கள், 128-இல் 104

மொத்தம் 256-இல் 200, அதாவது 78 சதவீதம். ஐந்து வரிதான், ஆனால் ஒரு முகவரிகூட கணக்கில் விடுபடவில்லை பாருங்கள். காலியாக இருப்பதும் எங்கே காலி என்று தெரிகிறது. லிங்க்குகளுக்கு இன்னும் /30 போட்டிருந்தால் ஏன் /31 இல்லை என்ற கேள்வி வரும், /31-ஐ அனுமதிக்கும் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 3021 2000-லேயே வந்துவிட்டது. பழைய கருவி ஏதாவது /31-ஐ ஏற்காது என்றால் எந்த மாடல் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

தனியார் முகவரிகளுக்கு அட்டவணை தேவையில்லை.

பழையபாக்கெட்:
சாமி சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1,900 வீடுகளுக்கு 32 பொது முகவரி என்று எழுதினால், அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். உள்ளே 100.64.0.0/10-இலிருந்து கொடுக்கிறீர்களா, 10.0.0.0/8-இலிருந்தா (இரண்டும் உள்பயன்பாட்டுக்கான தொகுதிகள்), ஒரு பொது முகவரிக்குப் பின்னால் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை போர்ட் (ஒரே முகவரியில் இணைப்புகளைப் பிரித்தறியும் எண்) என்பதைக் காட்டித்தான் ஆக வேண்டும். கணக்கு எளிது. ஒரு முகவரியில் 65,536 போர்ட், முதல் 1,024-ஐக் கழித்தால் 64,512. ஆளுக்கு 1,008 போர்ட் என்று வைத்தால் ஒரு முகவரிக்குச் சரியாக 64 பேர். 1,900-ஐ 64-ஆல் வகுத்தால் 30 முகவரி வேண்டும், உங்களிடம் 32 இருக்கிறது. ஓராண்டில் 3,000 வீடு என்றால் 47, ஆக அடுத்த பூல் /26. இப்படி எழுதிவிட்டால் "இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட முடியாதா" என்ற கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது: ஆளுக்குப் போர்ட் மிகவும் குறைந்தால் ஒரே வீட்டில் நாலைந்து போன் ஓடும்போது புதிய இணைப்புகள் கிடைக்காமல் போகலாம்.

/23-க்கு வருவோம். பதிவகத்துக்குப் பதிவகம் விதி மாறும். ஏபிநிக்கில் (ஆசிய-பசிபிக் பதிவகம்) இப்போது புதிதாக வருபவருக்கு ஐபிவி4 (நாம் இதுவரை பேசிய முகவரி வகை) அதிகபட்சமே /23தான், ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்ற விரிவான திட்டத்தைக் கேட்பார்கள். ரைப் என்சிசியில் (ஐரோப்பா, மேற்காசியா பக்கத்துப் பதிவகம்) 2019 நவம்பரில் கையிருப்பு தீர்ந்தபிறகு காத்திருப்புப் பட்டியலில் நின்று ஒரு /24 வாங்கலாம், அவ்வளவே. பழைய அளவுகோல் ஒன்று உண்டு, 1996-இன் ஆர்எஃப்சி 2050-இல் இருந்தது: கேட்டதில் 25 சதவீதம் உடனே, 50 சதவீதம் ஓராண்டுக்குள் பயனுக்கு வர வேண்டும். அந்த ஆவணத்தின் இடத்தில் 2013-இல் வேறொன்று வந்துவிட்டது, ஆனாலும் அந்த 25-50 இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. சாமியின் 200-ஐ அப்படியே 512-க்கு மாற்றினால் முதல் நாளே 39 சதவீதம். ஓராண்டில் சர்வர் 52, சிஜிநாட் 47, லூப்பேக் 18, லிங்க் 20, நிறுவனங்கள் 22 பேருக்கு 176 என்றால் மொத்தம் 313, அதாவது 61 சதவீதம். தாராளமாகத் தாண்டுகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை: அப்ஸ்ட்ரீமின் /24-ஐக் காலி செய்து திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெளிவாக எழுத வேண்டும், எந்த சப்நெட் எந்த மாதம் மாறும் என்பது உட்பட. அதையும் வைத்துக்கொண்டு இதையும் கேட்டால் கணக்கு பாதியாகிவிடும்.

புதுவலை:
இருவருக்கும் நன்றி, இது நான் நினைத்ததைவிட நேரடியாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். நிறுவனங்கள் 13-இலிருந்து 22 ஆகும் என்பதில் இன்றைக்குக் கையெழுத்தானது 5தான், மீதி பேச்சில் இருக்கிறது. அப்புறம், ஆதாரமாக ரவுட்டர் கன்ஃபிக் (அதன் அமைப்புக் கோப்பு) கேட்டால் கொடுப்பது பாதுகாப்பா? எங்கள் மேலாளர் அதைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார்.

சப்நெட்சாமி:
சிஜிநாட் விஷயத்தில் பாக்கெட் சொல்வதுதான் சரி, அந்தக் கணக்கைச் சேர்த்துவிடுங்கள்.

5-ஐ "ஒப்பந்தமானது" என்றும் 4-ஐ "எதிர்பார்ப்பது" என்றும் தனித்தனி வரியாகவே போடுங்கள். ஒப்பந்தமானவை மட்டும் என்றாலும் 18 /29, 144 முகவரி, மொத்தம் 281, அப்போதும் 55 சதவீதம் வருகிறதே, பிறகு எதற்கு ஊதிக் காட்ட வேண்டும்? வீட்டு இணைப்பு 3,000 ஆகும் என்பதற்குக் கடந்த ஓராண்டின் மாத வாரி எண்ணிக்கையைப் போட்டாலே போதும். கருவிப் பட்டியலும் இதற்குத்தான் கேட்கிறார்கள்: மாடல், எண்ணிக்கை, எங்கே இருக்கிறது, எத்தனை போர்ட் (கேபிள் செருகும் இடம்). 18 லூப்பேக் என்று திட்டத்தில் எழுதிவிட்டு, வாங்கியது வாங்கப்போவது எல்லாம் சேர்த்துப் பட்டியலில் 12 ரவுட்டர்தான் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

லூப்பேக்:
கன்ஃபிக் பற்றி. முழுசாக யாரும் கேட்பதில்லை. இன்டர்ஃபேஸ் முகவரிகள், ரவுட்டிங் டேபிளில் அந்த /24-க்குள் வரும் வரிகள், ஏஆர்பி டேபிள் (எந்தெந்த முகவரி இப்போது உயிரோடு இருக்கிறது என்று காட்டும் பட்டியல்), இவ்வளவு இருந்தால் நடக்கும். கடவுச்சொல், எஸ்என்எம்பி கம்யூனிட்டி (கருவிகளைக் கண்காணிக்கும் கடவுச்சொல் போன்றது), விபிஎன் சாவி எல்லாவற்றையும் அழித்துவிட்டு அனுப்புங்கள், அழித்திருக்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். அட்டவணையில் சர்வர் 41 என்று போட்டு ஏஆர்பியில் 23தான் தெரிந்தால் மீதியை விளக்க வேண்டிவரும், ஆகவே அனுப்பும் முன் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 41-இல் தளத்துக்கு ஒரு ஐபி என்று வெப்ஹோஸ்டிங் எதுவும் இருந்தால் இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள், ஒரே ஐபியில் பல பாதுகாப்பான தளங்களை ஓட்டவிடும் எஸ்என்ஐ வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, அந்தக் காரணம் இனி எடுபடாது.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை: ஐபிவி6-ஐயும் (முகவரிகள் மிக ஏராளமாக உள்ள புதிய வகை) இதே விண்ணப்பத்தோடு கேட்டுவிடுங்கள். அங்கே இந்தத் தலைவலி கிடையாது. கருவிகளை எண்ணவே வேண்டாம், இடங்களை எண்ணினால் போதும். சேவை நிறுவனத்துக்கு வழக்கமாகக் கிடைக்கும் /32-இல் 65,536 /48-கள் இருக்கின்றன. வீட்டுக்கு /56 கொடுத்தால் ஒரு /48-க்குள்ளேயே 256 வீடு அடங்கும், உங்கள் 3,000 வீட்டுக்கு 12 /48 போதும். ஆனால் ஐபிவி4-இல் கொடுத்த 13 /29-களையும் ஹூயிஸில் (எந்த முகவரி யாரிடம் என்று காட்டும் பொதுப் பதிவேடு) பதியும் வேலையை இப்போதே தொடங்குங்கள். அடுத்த முறை எங்கே கேட்கப் போனாலும் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.