மூளையில சிப்பு வச்சுக்கலாமா?

வெண்ணாற்றங்கரையான்:
2024 ஜனவரியில எலான் மஸ்க்கோட நியூராலிங்க் கம்பெனி முதல் மனுஷனுக்கு மூளைச் சிப் வச்சாங்க. கழுத்துக்குக் கீழ அசைவே இல்லாத நோலண்ட் ஆர்பா, நினைப்பாலேயே கர்சரை நகர்த்திச் செஸ் ஆடினாரு. நாளைக்கு ஞாபகசக்திக்கு, கவனத்துக்குன்னு நல்லா இருக்கறவங்களுக்கும் வரும். வரட்டுமே! கண்ணாடி போடுறோம், பல்லு கட்டுறோம். இதுல மட்டும் என்ன தீட்டு?

மன்னார்குடி மைனர்:
தீட்டு இல்ல தம்பி, போட்டி. எங்க ஊர்ல முதல்ல ஒருத்தர் வயல்லதான் அறுப்பு மெஷின் இறங்குச்சு. வசதி இருக்கு, இறக்குறார்னு விட்டுட்டோம். இப்ப மெஷின் வரத் தாமதமானா கதிர் சாஞ்சு வயல்லேயே முளைக்குது, கையறுப்புக்கு ஆள் இல்ல. ஒரு பிள்ளை சிப்போட நீட் எழுதட்டும், அடுத்த வீட்டுல மாட்டை வித்தாவது வைப்பாங்க. வேணாம்னு சொல்ற உரிமை பேப்பர்ல இருக்கும்.

வெண்ணாற்றங்கரையான்:
மெஷின் வந்ததுல யாரும் பட்டினி கிடக்கலியே அண்ணே.

மன்னார்குடி மைனர்:
அப்ப திருப்பூருக்கு பஸ் ஏறினது யாரு?

வேதாரண்யம் அம்மா:
என் பொண்ணுக்கு மூணு வயசுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல காது கேக்கத் தலைக்குள்ள வைக்கிற காக்ளியர் கருவி வச்சாங்க. ஒருநாள் குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்த்தா பாருங்க, அடுப்பை அணைக்காம அழுதேன். அதனால மெஷினை நான் திட்ட மாட்டேன்.

ஆனா 2018ல கஜா அடிச்சப்ப வாரக்கணக்கா கரண்ட் இல்ல. ஜெனரேட்டர்காரர்கிட்ட எல்லாரும் போனோட வரிசையில நிக்கிறாங்க, நான் காது மெஷின் பேட்டரியோட நிக்கிறேன். "போன் எங்கம்மா?"ங்கிறார். பக்கத்துல அவ நான் பேசறது எதுவும் கேக்காம என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இப்ப அந்த மாடலுக்கு உதிரி வராதாம், புதுசு வாங்கணுமாம். உள்ள இருக்கறது என் பொண்ணு தலையில, வெளிய இருக்கறது அவங்க கடையில.

வெண்ணாற்றங்கரையான்:
அது சர்வீஸ் கோளாறு அக்கா. சட்டம் போட்டா சரியாகும்.

தேரடி:
எந்தச் சட்டம்? ஆர்கஸ்னு பார்வை போனவங்களுக்கு வைக்கிற விழித்திரைக் கருவி, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல வச்சாங்க. 2019ல கம்பெனி அதைக் கைவிட்டுச்சு. கருவி கண்ணுக்குள்ளயே இருக்கு, பழுதானா கேக்க ஆள் இல்ல. நீங்க சொன்ன ஆர்பாவுக்கும் சில வாரத்துலயே சிப்புலேர்ந்து மூளைக்குள்ள போற மெல்லிய மின்னிழை நிறைய மூளையை விட்டு நழுவிருச்சு. கம்பெனி இருந்துச்சு, மென்பொருளை மாத்திச் சமாளிச்சாங்க. சிலி நாட்டுல 2021ல மூளைத் தகவலைக் காக்க அரசியலமைப்பையே திருத்தினாங்க. நாம ஆதார் நகலையே டீக்கடை பக்கத்து ஜெராக்ஸ்ல விட்டுட்டு வர்ற ஆளுங்க.

வெண்ணாற்றங்கரையான்:
சரி, உதிரிக்கும் சர்வீஸுக்கும் பொறுப்பு ஏத்துக்காம விக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். வைக்கவே கூடாதுன்னா ஒத்துக்க மாட்டேன். அக்கா, மாடல் நம்பரைத் தனியா அனுப்புங்க. திருச்சியில கூடப் படிச்சவன் இதே வேலையிலதான் இருக்கான்.

வேதாரண்யம் அம்மா:
அனுப்பிட்டேன் தம்பி. அதுக்காகக் கட்சி மாற மாட்டேன்.