கடலுப்புசாராச் சல்பேட்: ஒரு சொல் பரிந்துரை

ஐயா, காற்றுத்தூசியில் உள்ள சல்பேட்டில் கடலுப்போடு வந்ததைக் கழித்த மீதியை ஆங்கிலத்தில் non-sea-salt sulfate என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். 'உப்பல்லாத சல்பேட்' வேண்டாம். சல்பேட்டே உப்புதானே. 'கடல்சாராச் சல்பேட்' காதுக்கு இதம், பொருள்தான் பிசகுகிறது. கடலின் நுண்பாசிகளால் உண்டாகும் டைமெதில் சல்பைடு என்ற கந்தக வாயுவும் காற்றில் ஆக்சிஜனேற்றமடைந்து சல்பேட் ஆகிறது. அதுவும் கடல் தந்ததே. ஆனால் அலைத்தெறிப்பின் உப்போடு வந்ததல்ல. கணக்கில் நாம் கழிப்பது உப்போடு வந்ததை மட்டும். ஆகவே கடலுப்புசாராச் சல்பேட்.

2020 ஏப்ரலில் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைத்தர விதிக்கேற்ற எரிபொருள் வந்து, பெட்ரோலின் கந்தக வரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆக இறங்கியது. எரிபொருளின் கந்தகமும் எரிந்து காற்றில் சல்பேட் ஆகும். அதன் பலனை மண்டபத்திலோ பாம்பனிலோ, காற்றை இழுத்துத் தூசியைப் பிடிக்கும் வடிதாளில் தேடினால் கடலுப்பு குறுக்கே நிற்கும்.

சூத்திரம் எளிது: மொத்த சல்பேட்டிலிருந்து சோடியத்தின் 0.252 மடங்கைக் கழிக்க வேண்டும். கடல்நீரில் சோடியத்துக்குச் சல்பேட் எடையளவில் அந்த விகிதம். பிஎம்10 (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள்) பிடித்த தாளில் கனமீட்டர் காற்றுக்குச் சோடியம் 8, சல்பேட் 5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கடலுப்பின் பங்கு 2, மீதி 3.

பிழை நுழைவது பெரும்பாலும் சோடியம் வழியாக. கண்ணாடியிழைத் தாளே சோடியத்தைக் கசியவிடும். டெஃப்லான் தாள் போடுங்கள். இடுக்கியால் மட்டும் எடுங்கள், விரல் வியர்வையிலும் சோடியம் உண்டு. டெஃப்லானில் தண்ணீர் ஒட்டாது. இரண்டு மூன்று சொட்டு எத்தனால் விட்டு நனைத்த பிறகே தூயநீரில் ஊறவைத்து அயன் குரோமட்டோகிராஃபிக்கு (கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் முறை) அனுப்ப வேண்டும். காற்றிழுக்காத வெற்றுத்தாள் ஒன்றையும் களத்துக்குக் கொண்டுபோய்வந்து, அதில் காணும் சோடியத்தைக் கழித்துவிடுங்கள். சோடியத்துக்குப் பதில் குளோரைடை அடிப்படையாகக் கொள்வது தவறு. காற்றிலுள்ள நைட்ரிக் அமிலம் பட்டதும் உப்புத்துகளின் குளோரின், ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகக் கிளம்பிவிடும். உப்பு குறைவாகத் தெரியும்.

வாலிநோக்கம் உப்பளங்களின் காற்றுவாக்கில் கருவியை நிறுத்தவே கூடாது. பாத்தியில் உப்பு விளையுமுன்பே ஜிப்சம் படிந்துவிடுகிறது. ஆகவே அந்த உப்பில் சல்பேட் விகிதம் கடல்நீரைவிடக் குறைவு. அங்கே 0.252ஐப் போட்டால் அளவுக்கு மிஞ்சிக் கழியும், சில நாள் விடை எதிர்க்குறியில்கூட வரும்.

வரையறையில் ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும்: கடலுப்புசாராதது எல்லாம் வாகனப்புகை அல்ல. தென்மேற்குக் காற்றில் தூத்துக்குடி அனல்மின் நிலையப் புகை வரலாம்; விசைப்படகு டீசலும் இருக்கிறது. பெட்ரோலின் மாற்றத்தைப் பிரித்தறிய, பெட்ரோல் வண்டிப்புகையில் வரும் பென்சீனையும் கார்பன் மோனாக்சைடையும் காற்றுத்திசையோடு சேர்த்தே பதிய வேண்டும்.

ஒற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். 'சாரா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'அழியாப் புகழ்' போல இங்கும் வல்லினம் மிகும். 'கடலுப்பு' என்பதன் பின் மிகாது, 'அரசுசாரா' போல.