மறு: பிராட்ஹெட் – அகலத்தலையா, இலைமுனையா?

நண்பர்களுக்கு வணக்கம். வேட்டை அம்பின் நுனியில் பொருத்தும், கூரான தகடுகள் கொண்ட முனைதான் பிராட்ஹெட். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> பிராட் என்றால் அகலம், ஹெட் என்றால் தலை. ‘அகலத்தலை’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான் ஐயா. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சோதனைக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டேன். வேட்டை அம்பின் முனை உள்ளே போவது அகலத்தால் இல்லை, அறுப்பதால். பெயரில் அது தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இதற்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குத் தன்னந்தனியாக வந்து சேர்ந்தவர் இஷி, யாஹி என்ற பழங்குடி இனத்தின் கடைசி மனிதர். அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற அறுவை மருத்துவர். எஃகு முனை ஆழமாகப் போகுமா, எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செதுக்கிய முனை ஆழமாகப் போகுமா என்று பார்க்க போப் ஒரு பெட்டி செய்தார். எதிரெதிர்ப் பக்கம் இரண்டிலும் பச்சை மான் தோல், உள்ளே மாட்டு ஈரல். இழுக்க 50 பவுண்டு விசை வேண்டிய வில்லால் 10 கஜ தூரத்திலிருந்து எய்தபோது எஃகு முனை 22 அங்குலம் போனது, கல் முனை 30 அங்குலம் போனது. கல்லின் விளிம்பு அவ்வளவு கூர். ஆனால் பெட்டிக்குள் ஈரலுக்குப் பதில் எலும்போ கட்டையோ இருந்திருந்தால் கல் சில்லுச் சில்லாகப் போயிருக்கும்.

ஆகவே எதில் எய்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லாமல் ‘நல்ல முனை’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. நுரை இலக்கு அம்பை நிறுத்துவது தண்டை உராய்ந்து பிடித்துத்தான். கூர் முனைக்கும் மழுங்கிய முனைக்கும் அங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. ஜெலட்டின் கட்டியும் தண்டைப் பற்றிக்கொள்ளும். உயிருள்ள உடலில் இரத்தம் வழுக்க வைக்கும், கட்டியில் அது கிடையாது. தகரமும் ப்ளைவுட்டும் முனையின் உறுதியைக் காட்டும், அறுக்கும் திறனைக் காட்டாது.

நான் இருக்கும் கொலராடோவில் செப்டம்பரில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடும் பருவத்துக்கு முன் பலரும் இப்படி எய்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அரை அங்குல ப்ளைவுட்டில் எய்து காட்டினார். தகடில்லாத பயிற்சி முனை போன இடத்தில் பென்சிலால் குத்தியது போல ஒரு வட்டம், பின்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்ந்திருந்தது. மூன்று தகடு வைத்த முனை போன இடத்தில் நடுவிலிருந்து மூன்று கீறல், பென்ஸ் கார் சின்னம் மாதிரி. அப்புறம் முனையைக் கழற்றி ஒரு தகட்டின் வாயை நகத்தின் மேல் மெல்ல இழுத்தார். ஓரிடத்தில் தடுக்கியது. வெளிச்சத்தில் பிடித்தால் குருணை அளவு மழுங்கல்.

‘வாய்’ என்று தெரிந்தேதான் எழுதினேன். அரிவாள் வாய் மழுங்கிவிட்டது என்கிறோமே, அதே வாய். கொலராடோ வேட்டை விதியும் முனை குறைந்தது 7/8 அங்குல அகலமும் இரண்டு எஃகு வாய்களும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது.

> தகட்டுக்கு ‘அலகு’ இருக்கிறதே, அம்பின் நுனிக்கும் அகராதியில் அதே சொல்தானே?

உண்மை, அழகான சொல்லும்கூட. ஆனால் பள்ளிக்கூடத்தில் அலகு என்றால் அளவின் அலகு. ‘அலகின் ஆழம்’ ஒரு பத்தியிலும் ‘ஆழத்தின் அலகு’ அடுத்த பத்தியிலும் வந்தால் படிப்பவர் திணறிப்போவார்.

என் பரிந்துரை இலை. வேலின் தகட்டை இலை என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம். ‘இலங்கிலை வேல்’ சங்கப் பாட்டிலேயே உண்டு. சிவன் கையில் இருப்பது மூவிலைச் சூலம். மூன்று தகடு வைத்த பிராட்ஹெட்டுக்கு ‘மூவிலை முனை’ என்ற பெயர் தேவாரக் காலத்திலிருந்தே காத்திருக்கிறது! பொதுப்பெயர் இலைமுனை, இரண்டு தகடு என்றால் ஈரிலை முனை. பறக்கும்போது மடங்கியிருந்து பட்டதும் திறந்துகொள்ளும் வகைக்கு ‘மடக்கிலை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மடக்குக்கத்தியைக் கையால் திறக்கிறோம். இது மோதும் வேகத்தில் தானே விரிகிறது, அந்த விரிவுக்கே கொஞ்சம் வேகத்தைச் செலவழிக்கிறது. அதனால் ‘விரியிலை முனை’. இலைகளைத் தாங்கும் நடுத்தண்டுக்குப் ‘பூண்’ போதும், உலக்கைப் பூணை அறியாதவர் உண்டா?

ஊடுருவலையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அம்பு உள்ளே நின்றுவிட்டால் தைத்தது, மறுபக்கம் வந்துவிட்டால் உருவியது. இராமன் சுக்கிரீவனுக்கு எய்து காட்டியதைக் கம்பர் ‘ஏழு மாமரம் உருவி’ என்றுதான் பாடுகிறார். அதுவும் ஒரு சோதனைதானே.

முனையின் எடையைச் சொல்லும் கிரெய்னை மட்டும் அப்படியே விடுவோம். கடையில் 100, 125 என்று கிரெய்ன் கணக்கில்தான் விற்கிறார்கள். 100 கிரெய்ன் சுமார் ஆறரை கிராம். குன்றிமணிக்கு மாற்றினால் யாருக்கும் உதவாது.

சரி, நான் சிக்கிக்கொண்ட குறிப்பின் முதல் வரி இப்போது இப்படி வருகிறது:

125 கிரெய்ன் மூவிலை முனை, அரை அங்குல ப்ளைவுட்: உருவியது. ஒரு வாய் மழுங்கியது, பூண் வளையவில்லை.