ஐடில் 1,600-லேயே நிற்கிறது: த்ராட்டில் பாடியை மாற்றணுமா?

பென்னாகரத்தான்:
2012 மாடல் சின்ன பெட்ரோல் கார், கேபிள் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர் மிதி கேபிளால் இழுக்கிற வகை). இன்ஜின் சூடேறிய பிறகும் ஐடில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், 1,600 ஆர்பிஎம்முக்குக் கீழே வருவதில்லை. தொப்பூர் கணவாயில் காலை எடுத்தாலும் வண்டி பிடித்து இறங்காமல் தள்ளிக்கொண்டே போகிறது. பாளையம் டோல்கேட் வரிசையில் கிளட்சை விட்டால் போதும், முன்னால் நிற்கும் லாரியை முட்டப் பாய்கிறது. இன்ஜின் லைட் எரியவில்லை. தருமபுரியில் ஒரு மெக்கானிக், இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியையே மாற்றணும், 9,000 ஆகும் என்கிறார்.

ஓசூர் ஸ்பேனர்:
9,000 எதற்கு? கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். கரி படிந்தால் உள்ளே இருக்கும் தகடு முழுசாக மூடாது. அப்படியும் இறங்காவிட்டால், தகடு மூடும் இடத்தில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்புங்கள், 900-க்கு வந்துவிடும்.

காவேரிப்பட்டணம்:
அண்ணே, கழுவுவதில் சண்டை இல்லை, ஸ்க்ரூவில்தான் சண்டை. அது ஐடில் வைக்கும் ஸ்க்ரூ இல்லை. தகடு போய்ச் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிறுத்தும் தடுப்பு. அதைத் திருப்பினால் தகடு ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது படக்கென்று விடும். தகடு மூடியிருக்கிறது என்று த்ராட்டில் சென்சார் இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வோல்ட்டேஜும் மாறிப்போகும். கார்புரேட்டர் காலத்து வைத்தியத்தை இதற்குச் செய்யாதீர்கள்.

அப்புறம், கரி பெரும்பாலும் ஐடிலைக் குறைக்கும், கூட்டாது. தகட்டு ஓரத்தில் காற்றை அடைத்து, சிக்னலில் வண்டியை அணைய வைக்கும். இவருக்கு நேர் எதிராக இருக்கிறது. எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் புகையைத் திரும்ப உறிஞ்சும் குழாய்), மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) கேஸ்கட், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

ஓசூர் ஸ்பேனர்:
கூட்டாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஐடில் வால்வின் (தகடு மூடியிருக்கும்போது பக்கவழியாகக் காற்று விடும் வால்வு) முனையில் கரி கட்டி, திறந்தபடியே இறுகிப்போன வண்டிகளை என் கையால் கழற்றியிருக்கிறேன். அப்போது ரேஸ் ஏறத்தான் செய்யும். கேபிள் இழுத்துக்கொண்டு நின்றாலும் இதே கதைதான். பானெட்டைத் திறந்து, கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று விரலால் தூக்கிப் பார்க்கக் காசா பணமா?

ஸ்கேனர் தம்பி:
இரண்டு பேரும் குத்துமதிப்பாகத்தான் பேசுகிறீர்கள். இன்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரை மாட்டுங்கள். ஃப்யூல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் பிளஸ் 20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஏர் லீக். வரவில்லையென்றால் லீக் இல்லை. முடிந்தது வேலை.

காவேரிப்பட்டணம்:
தம்பி, அது ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள இன்ஜினுக்குச் சரி. மீட்டரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது, அதனால் பெட்ரோல் போதாமல் ட்ரிம் ஏறும். இந்த மாதிரி சின்ன கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான். அது மேனிஃபோல்டுக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்தைப் பார்க்கிறது. காற்று எந்த ஓட்டை வழியாக வந்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும், ஈசியூவும் (இன்ஜின் கம்ப்யூட்டர்) அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக அசையாமல் ஐடில் மட்டும் ஏறும். லைட் எரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

நல்ல ஸ்கேனர் கிடைத்தால் ஐடில் வால்வின் ஸ்டெப், அதாவது ஈசியூ அதை எவ்வளவு திறக்கச் சொல்கிறது, எத்தனை என்று பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால், ஈசியூ மூடச் சொல்லிவிட்டது. காற்று வேறு வழியில் வருகிறது, இல்லையென்றால் வால்வு சொல்பேச்சு கேட்கவில்லை. ஸ்டெப் அதிகமாக இருந்தால் ஈசியூவே ரேஸ் கேட்கிறது. அப்போது கூலன்ட் சென்சாரைச் சந்தேகப்படணும். கொதிக்கிற இன்ஜினை 30 டிகிரி என்று அது சொன்னால், ஓசூர் மார்கழி காலையில் ஸ்டார்ட் செய்த மாதிரி ரேஸ் நின்றுகொண்டே இருக்கும்.

ஸ்கேனர் தம்பி:
சாதாரண ஸ்கேனரில் ஸ்டெப் வராது. கூலன்ட் டிகிரி கண்டிப்பாக வரும், அதையாவது பார்க்கச் சொல்லுங்கள். லீக் தேடுகிறேன் என்று சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

பென்னாகரத்தான்:
நண்பரின் ஸ்கேனரில் கூலன்ட் 88 டிகிரி. கேபிளில் தளர்வு இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிக் கட்டிங் பிளேயரால் நெரித்தேன், மாற்றமே இல்லை. பிசிவி ஹோஸை நெரித்ததும் 1,600 சட்டென்று 1,050-க்கு இறங்கியது. கழற்றினால், அடிப்பக்க வளைவில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மாட்டியிருக்கும்போது கண்ணுக்கே தெரியவில்லை.

காவேரிப்பட்டணம்:
நல்ல ஹோஸையும் நெரித்தால் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் 550 இறங்காது. ஹோஸையும் கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். பிசிவி வால்வைக் குலுக்கிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வரணும்.

ஓசூர் ஸ்பேனர்:
சரி, ஓட்டையை அடைத்தாலும் 1,050 எப்படி நல்ல ஐடில் ஆகும்? 800 பக்கத்தில் வரணும். மீதி ஐடில் வால்வில்தான் இருக்கிறது, கழுவித்தான் ஆகணும்.

காவேரிப்பட்டணம்:
புது ஹோஸ் போட்ட பிறகும் 1,050 நின்றால் வால்வைக் கழுவட்டும், மறுக்கவில்லை. ஸ்க்ரூவை மட்டும் தொட வேண்டாம்.

ஓசூர் ஸ்பேனர்:
ஸ்க்ரூவைத் தருமபுரி மெக்கானிக் ஏற்கெனவே திருப்பியிருந்தால்? தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, ஒரு போட்டோ போடுங்கள்.